பெண் பார்க்கப் போன ஓவியர்

லண்டனில் வேலை நிமித்தமாகச் சில மாதங்கள் இருந்தபோது, மழைக்கு ஒதுங்க நான் கண்டுபிடித்த நல்ல இடம் நேஷனல் கேலரி. நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே கதகதப்பாக இருக்கும். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். அப்படி ஒதுங்கிய ஒரு சனிக்கிழமைதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

ஆளுயர ஓவியம். கழுத்திலிருந்து தரைவரை கறுப்பு உடை. தலையிலும் கறுப்புத் தொப்பி. பின்னால் நீலமும் பச்சையும் கலந்த வெற்றுச் சுவர், அதன்மேல் அவள் நிழல். நகை என்று சொல்ல விரலில் ஒரு சிவப்புக்கல் மோதிரம். அத்தனை கறுப்புக்கும் நடுவே வெளிச்சமாகத் தெரிவது முகமும், கையுறைகளைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளும்தான். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாளோ என்று சந்தேகம் மட்டும் வரும். மழை நின்ற பிறகும் நான் கிளம்பவில்லை.

பெயர்ப்பலகையில் இருந்தது இவ்வளவுதான்: டென்மார்க்கின் கிறிஸ்டினா, மிலான் நகரின் கோமகள், 1538, வரைந்தவர் இளைய ஹான்ஸ் ஹோல்பைன். அது ஒரு பெண் பார்க்கும் படலத்துக்காக வரைந்த படம் என்பதும், மாப்பிள்ளை இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி என்பதும் வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் தெரிந்தது.

ஹென்றியின் கதையை ஓரளவு எல்லோரும் கேட்டிருப்போம். முதல் மனைவியை விலக்கிவைத்தார். இரண்டாவது மனைவி ஆன் பொலினின் தலையை 1536இல் வெட்டவைத்தார். மூன்றாவது மனைவி ஜேன் சீமோர், இளவரசர் எட்வர்டைப் பெற்ற 12ஆம் நாள், 1537 அக்டோபர் 24இல் இறந்துபோனார். உடனே நான்காவது பெண் தேட ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு 46 வயது, பெருத்த உடம்பு, ஆறாத கால் புண். கிறிஸ்டினாவுக்கு 16. அதற்குள் அவள் ஒரு கணவனை இழந்திருந்தாள். படத்தில் போட்டிருப்பது துக்க உடை. புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தங்கை மகள் என்பதால் இந்தச் சம்பந்தத்துக்கு அரசியல் மதிப்பு அதிகம். ஆனால் ஹென்றிக்கு அரசியல் மட்டும் போதாது, முகத்தையும் பார்த்தாக வேண்டும். இடையில் கடல் இருக்கிறது. அதனால் ஓவியரை அனுப்பினார்.

எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் அத்தையின் படம் ஒன்று இருக்கிறது, வரன் தேடுவதற்காக ஸ்டூடியோவில் எடுத்தது. கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனாலும் முகத்தில் பென்சிலால் எதையோ சரிசெய்திருப்பார்கள். கன்னத்தில் அத்தைக்கு இருக்கும் மருவைக் காணோம். 'ஸ்டூடியோக்காரர் கேட்காமலேயே எடுத்துவிட்டார்' என்று அத்தை சொல்லிச் சிரிப்பார். பெண் பார்க்கும் படத்தில் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஹோல்பைனைப் பற்றி உலகம் சொல்லும் கதையும் அதுதான்: அழகில்லாத ஒரு பெண்ணை அழகாக வரைந்து ஹென்றியை ஏமாற்றினார் என்று. அந்தக் கதையை நான் இப்போது நம்புவதில்லை. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் கிறிஸ்டினா இருந்த பிரஸ்ஸல்ஸ். அங்கே நடந்தது, ஜான் ஹட்டன் என்ற ஆங்கிலத் தூதர் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து தெரிகிறது. கிறிஸ்டினா சிரித்தால் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு குழியும் மோவாயில் ஒரு குழியும் விழும், அது அவளுக்கு மிக அழகாக இருக்கிறது என்று ஹட்டன் 1537 டிசம்பரிலேயே எழுதிவிட்டார். மறு மார்ச்சில் வேறொரு ஓவியரிடம் படம் வாங்கி லண்டனுக்கு அனுப்பியும் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஹோல்பைன் வந்து சேர்ந்தார். ஹட்டன் உடனே ஆளை ஓடவிட்டு, முதல் படத்தைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். 1538 மார்ச் 12, பகல் 1 மணி. ஹோல்பைனுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம். வேலை முடிந்தது. 18ஆம் தேதி அவர் லண்டனில் இருந்தார். படத்தைப் பார்த்த ஹென்றிக்கு ஒரே குஷி. நாள் முழுக்க இசைக்கலைஞர்களை வாசிக்கவைத்தார் என்று பேரரசரின் தூதர் எழுதியிருக்கிறார்.

அந்த மூன்று மணி நேரத்தில் ஹோல்பைன் வரைந்த கோட்டோவியம் இன்று இல்லை. லண்டனில் தொங்குவது, அதை வைத்து ஊருக்குத் திரும்பிய பிறகு எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய பெரிய படம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், கன்னத்தில் குழி இல்லை. தூதரே எழுதி அனுப்பிய அம்சம். மாப்பிள்ளைக்கு நிச்சயம் பிடிக்கும். வரைந்திருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மூன்று மணி நேரம் நின்ற பெண் சிரித்துக்கொண்டு நிற்கவில்லை போலிருக்கிறது.

ஹோல்பைன் எப்படி வேலை செய்தார் என்பதை விண்ட்சர் கோட்டையின் அரச சேகரிப்பில் இருக்கும் 80 சொச்சம் கோட்டோவியங்களில் பார்க்கலாம். 1532க்குப் பிறகு வரைந்தவற்றில், தாளுக்கு முதலில் வெளிர் ரோஜா நிறப் பூச்சு கொடுத்துவிடுவார். அதுவே தோலின் நிறம், நேரம் மிச்சம். அதன்மேல் கறுப்பு, சிவப்பு சாக் குச்சிகள். மூக்கு, உதடு, கண் இமை ஓரம் ஆகிய இடங்களில் மட்டும் தூரிகையாலோ பேனாவாலோ ஓர் அழுத்தம். உடையை இரண்டு கோட்டில் முடித்துவிடுவார். அதன் நிறத்தையும் துணியையும் ஜெர்மனில் குறித்துக்கொள்வார்: இங்கே வெள்ளை வெல்வெட், இங்கே சாட்டின். தையற்காரர் அளவுப் புத்தகத்தில் எழுதுவதுபோல. உடை ஓடிப்போகாது, அதை அப்புறம் வாங்கிப் போட்டுப் பார்த்துக்கூட வரையலாம். பிரபுவும் சீமாட்டியும் திரும்ப வந்து உட்கார மாட்டார்கள். அதனால் கிடைத்த நேரம் மொத்தமும் முகத்துக்கே.

பிறகு அந்தத் தாளை வைத்து முகத்தின் கோடுகளை ஓக் பலகைக்கு மாற்றுவார். ஹென்றியின் அமைச்சராக இருந்த அறிஞர் தாமஸ் மோரின் பெரிய கோட்டோவியத்தில் அதற்காகக் குத்திய ஊசித் துளைகள் வரிசையாக இருக்கின்றன. கோலப்பொடி அச்சு மாதிரியேதான்: துளை வழியாகக் கரித்தூளைத் தட்டினால் அடியில் புள்ளிக்கோடு விழும். எண்ணெய் ஓவியங்களைவிட இந்தத் தாள்கள்தான் எனக்கு உசத்தி. ஓவியத்தில் பதவி, பட்டுத்துணி, மோதிரம் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். தாளில் இருப்பவர்கள் வெறும் மனிதர்கள். தூக்கம் போதாத கண், பாதி மழித்த தாடை, உதட்டோரம் கொஞ்சம் பயம். இந்தத் தாள்கள் பல கை மாறி, ஒரு கட்டத்தில் மறந்தே போய், 1727இல் கென்சிங்டன் அரண்மனையில் ஒரு மேசையின் இழுப்பறையில் கரோலின் அரசியின் கண்ணில் பட்டன.

சரி, யார் இந்த ஹோல்பைன்?

தெற்கு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் 1497 கடைசியிலோ 1498 தொடக்கத்திலோ பிறந்தவர். அப்பா பெயரும் ஹான்ஸ் ஹோல்பைன்தான், அவரும் ஓவியர். அதனால்தான் மகன் பெயருக்கு முன்னால் 'இளைய'. அண்ணன் ஆம்புரோசியஸும் ஓவியர். 1515இல் சகோதரர்கள் இருவரும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் பிழைக்கப் போனார்கள். பாசல் அப்போது அச்சுக்கூடங்களின் ஊர். புத்தகத்துக்குப் படம் வரைபவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. போய்ச் சேர்ந்த வருடமே, டச்சு அறிஞர் இராஸ்மஸின் நூல் ஒன்றின் பிரதியில், ஒரு பள்ளி ஆசிரியருக்காக, பக்க ஓரங்களில் சின்னச் சின்னக் கேலிப் படங்கள் போட்டுக் கொடுத்தார்கள். அதில் மேசையில் உட்கார்ந்து எழுதும் இளம் இராஸ்மஸின் படமும் உண்டு. அதைப் பார்த்த இராஸ்மஸ், 'நான் இன்னும் இப்படி இருந்தால் கல்யாணமே பண்ணிக்கொள்வேனே' என்று சொன்னதாக அந்தப் பக்கத்திலேயே குறிப்பு இருக்கிறது. ஹோல்பைனின் பெண் பார்க்கும் தொழில் அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

1519இல் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார். அதை ஒட்டியே எல்ஸ்பெத் என்ற பெண்ணை மணந்தார். எல்ஸ்பெத் விதவை, முதல் கணவர் தோல் பதனிடுபவர், ஒரு மகனும் இருந்தான். எல்ஸ்பெத்தைப் பற்றிப் பிறகு பேசியாக வேண்டும்.

பாசலில் அவர் வரைந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். கல்லறைக்குள் கிடக்கும் கிறிஸ்துவின் உடல், 1521 – 22. அகலம் 2 மீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர்தான். சவப்பெட்டியின் பக்கவாட்டுப் பலகையை எடுத்துவிட்டு உள்ளே பார்ப்பதுபோல. கை பச்சை பாரித்திருக்கிறது. வாய் திறந்திருக்கிறது, கண் செருகியிருக்கிறது. தெய்வம் என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. வரைந்தவருக்கு அப்போது 24 வயது இருக்கும். சாமி விஷயத்திலேயே முகத்தாட்சண்யம் பார்க்காத ஆள் இவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சாமிப் படங்களுக்குத்தான் ஆபத்து வந்தது. மதச் சீர்திருத்தம் பரவியதும் தேவாலயங்களில் படம் வேண்டாம் என்ற குரல் ஓங்கியது. தேவாலய வேலை போய்விட்டால் ஓவியர் சோற்றுக்கு எங்கே போவார்? 1526 ஆகஸ்டில் இராஸ்மஸ் ஆண்ட்வெர்ப்பில் இருந்த நண்பருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதினார்: இங்கே கலைகள் குளிரில் விறைத்துக் கிடக்கின்றன, சில ஏஞ்சல்களைச் சுரண்டிச் சேர்க்கலாம் என்று இவர் இங்கிலாந்துக்குப் போகிறார் என்ற அர்த்தத்தில். ஏஞ்சல் என்பது தேவதூதர் உருவம் பொறித்த ஆங்கிலப் பொற்காசு. தேவாலயத்துத் தேவதூதர்களை வரைந்து பிழைக்க முடியாதவர் காசில் இருக்கும் தேவதூதர்களைத் தேடிப் போகிறார். இராஸ்மஸ் சும்மா ஒரு வரி எழுத மாட்டார்.

லண்டனில் அவருக்குக் கதவு திறந்தவர் இராஸ்மஸின் நண்பர் தாமஸ் மோர். மோரின் 1527ஆம் வருடத்து ஓவியம் இப்போது நியூயார்க்கின் ஃபிரிக் சேகரிப்பில் இருக்கிறது. சிவப்பு வெல்வெட் கையின் மடிப்புகளைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனால் எனக்கு அந்தத் தாடையில் இருக்கும் இரண்டு நாள் தாடிதான். அரசவையின் பெரும்புள்ளி, படத்துக்கு உட்காரும் நாளில் சவரம் செய்துகொள்ளவில்லை. ஓவியரும் அவருக்காகச் செய்துவிடவில்லை. ஸ்டூடியோக்காரர் நிச்சயம் எடுத்திருப்பார்.

1528இல் பாசல் திரும்பினார். ஊரார் குடியுரிமையைப் பறித்துவிடாமல் இருக்க வேண்டுமே. சம்பாதித்த பணத்தில் வீடு வாங்கினார். அப்போதுதான் எல்ஸ்பெத்தையும் மூத்த பிள்ளைகள் இருவரையும் வரைந்தார். அந்தப் படத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். எல்ஸ்பெத் உட்கார்ந்திருக்கிறார், மடியில் குழந்தை, பக்கத்தில் மகன் பிலிப் அண்ணாந்து எதையோ பார்க்கிறான். எல்ஸ்பெத் யாரையும் பார்க்கவில்லை. கண் ஓரம் சிவந்திருக்கிறது. தோள் தளர்ந்திருக்கிறது. இரண்டு வருடம் தனியாகக் குடும்பம் நடத்திய பெண். கணவன் திரும்பி வந்து முதல் காரியமாக அவரை உட்காரவைத்து, இத்தனையையும் ஒன்றுவிடாமல் பார்த்து, அப்படியே வரைந்திருக்கிறார். இப்படி ஒரு மனைவியை இவ்வளவு நன்றாகப் பார்க்கத் தெரிந்த ஆள் எப்படி அவரை விட்டுவிட்டு மறுபடி போனார்? எனக்குப் புரியவில்லை. பார்ப்பது வேறு, உடன் இருப்பது வேறு போலும். படம் காகிதத்தில் வரைந்தது. பிற்பாடு யாரோ மூன்று பேரின் உருவத்தையும் ஓரத்தோடு வெட்டி எடுத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பின்னணியில் என்ன இருந்ததோ, போய்விட்டது.

1529 பிப்ரவரியில் பாசலில் கும்பல் புகுந்து தேவாலயப் படங்களை உடைத்து எரித்தது. 1532இல் ஹோல்பைன் மறுபடி லண்டன் போய்விட்டார். குடும்பம் பாசலிலேயே இருந்தது.

இந்த முறை லண்டனில் காற்று மாறியிருந்தது. மோர் பதவியை விட்டிருந்தார். மூன்று வருடத்தில் தலையும் போகவிருந்தது. ஹோல்பைன் முதலில் தேம்ஸ் கரையில் இருந்த ஜெர்மன் வியாபாரிகளின் குடியிருப்பில் தஞ்சம் புகுந்தார். அவர்களை வரைந்தார். பிறகு கிராம்வெல்லை வரைந்தார். மோரை வீழ்த்திய பக்கத்தின் ஆள் கிராம்வெல். தனக்குக் கதவு திறந்தவரை மறந்துவிட்டு இவரிடம் போய்ச் சேர்ந்தார் என்று ஹோல்பைனைக் குறைசொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் ஃபிரிக்கில் ஒரே கணப்படுப்பின் இரு பக்கமும் எதிரும் புதிருமாக மாட்டியிருக்கும் மோரையும் கிராம்வெல்லையும் பாருங்கள். சம்பளம் கொடுத்த கிராம்வெல்லின் முகத்தில் சின்னக் கண், பருத்த தாடை, இறுகிய உதடு. இதுவா முகஸ்துதி?

1533ஆம் வருடத்து 'தூதர்கள்' ஓவியத்தைப் பற்றி இங்கே அதிகம் பேசப் போவதில்லை. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும் அந்த மண்டையோட்டைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நேஷனல் கேலரிக்குப் போனால், படத்தின் நடுவே உள்ள அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் வீணை மாதிரியான வாத்தியத்தைப் பாருங்கள். ஒரு தந்தி அறுந்திருக்கும்.

1536 வாக்கில் ஹோல்பைன் அரசரின் ஓவியர். வருடச் சம்பளம் 30 பவுண்டு. அதே அரண்மனையில் இருந்த லூகாஸ் ஹோரன்பவுட் என்ற ஓவியருக்கு இவரைவிடச் சற்று அதிகம். இன்று லூகாஸின் பெயரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? போகட்டும், உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி ஓவியங்களை வரையும் நுட்பத்தை ஹோல்பைன் கற்றது அவரிடம்தான் என்கிறார்கள். அரண்மனை ஓவியர் என்றால் முகம் மட்டும் வரைந்தால் போதாது. கோப்பைக்கு வடிவம், கத்தி உறைக்கு வேலைப்பாடு, கழுத்துப் பதக்கம், மணப்பெண்ணுக்கான நகை என்று எல்லாவற்றுக்கும் மாதிரி வரைந்து தர வேண்டும். நூற்றுக்கணக்கில் அப்படி வரைந்திருக்கிறார்.

ஹென்றி என்றதும் நம் மனக்கண்ணில் வரும் உருவம் இருக்கிறதே, காலை அகட்டி, தோளை விரித்து, நேருக்கு நேர் முறைக்கும் உருவம், அது ஹோல்பைன் செய்தது. 1537இல் வைட்ஹால் அரண்மனையின் சுவரில் வரைந்தார். முன் வரைவில் முகம் சற்றுத் திரும்பியிருக்கிறது. அந்தத் தாள் லண்டனில் இன்னும் இருக்கிறது. சுவரில் தீட்டும்போது முகத்தை நேராகத் திருப்பிவிட்டார். அதன் முன்னால் நின்றவர்களுக்குக் கை கால் உதறியதாம். 1698 ஜனவரியில் அரண்மனையோடு அந்தச் சுவரும் எரிந்துபோனது. நாம் பார்ப்பதெல்லாம் நகல்கள்தான். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்த ஹென்றியை ஹோல்பைன் ஊதிப் பெருக்கித்தான் காட்டினார். ஆனால் அதையும் உடம்பில்தான் செய்தார், முகத்தில் அல்ல. அந்தச் சின்ன வாயையும் இடுங்கிய கண்ணையும் பாருங்கள்.

மறுபடி பெண் பார்க்கும் படலத்துக்கு வருவோம். கிறிஸ்டினாவின் சம்பந்தம் இழுத்துக்கொண்டே போனது. அதே 1538இல் பிரான்ஸிலும் பெண் தேடினார்கள். ஹென்றிக்கு ஒரு யோசனை: பிரெஞ்சு இளவரசிகளை எல்லாம் கலே நகருக்கு வரவழைத்து ஒன்றாக நிறுத்திவைத்தால் நானே பார்த்துத் தேர்ந்தெடுத்துவிடுவேன். குதிரைச் சந்தையில் குதிரைகளை நடத்திக் காட்டுவதுபோல் உயர்குலப் பெண்களை நடத்திக் காட்டும் வழக்கம் எங்கள் நாட்டில் கிடையாது என்று பிரான்ஸ் அரசர் மறுத்துவிட்டார். ஆகவே ஹோல்பைன் மறுபடி மூட்டை கட்டினார். அந்தக் கோடை முழுக்க பிரான்ஸில் ஊர் ஊராக அலைந்தார். ஒன்றும் அமையவில்லை.

1539இல் கிராம்வெல்லின் பார்வை ஜெர்மனியின் கிளீவ்ஸ் குறுநிலத்துப் பக்கம் திரும்பியது. கோமகனின் சகோதரிகள் ஆன், அமேலியா. பார்க்கப் போன ஆங்கிலத் தூதர்கள் திரும்பத் திரும்ப ஒரே புகார்: அந்த ஊர் உடையும் தலைத்துணியும் பெண்களைச் சுற்றி மூடியிருக்கின்றன, முகமும் தெரியவில்லை, உருவமும் தெரியவில்லை. 'ஏன், நிர்வாணமாகப் பார்க்க வேண்டுமா?' என்று கேட்டாராம் கிளீவ்ஸின் அமைச்சர். ஆகஸ்டில் ஹோல்பைன் டியூரன் என்ற ஊருக்குப் போய் இருவரையும் வரைந்தார். அங்கே இருந்த தூதர் நிக்கலஸ் வாட்டன், உருவங்கள் உயிரோட்டமாக வந்திருக்கின்றன என்று ஹென்றிக்கு எழுதினார். அந்தப் பெண்களை நேரில் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுதியது, கவனியுங்கள்.

ஆனின் படம் இப்போது பாரிஸின் லூவ்ரில். போக எனக்கு வாய்க்கவில்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கணினித் திரையில் பார்த்தேன். எடுத்துப் போக வசதியாகத் தோல்தாளில் வரைந்தது. சிவப்பு வெல்வெட், தங்கப் பட்டை, முத்து வேலைப்பாடு, தலையில் கல் பதித்த தொப்பி என்று உடை ஜொலிக்கிறது. முகம் நேருக்கு நேர், இம்மிகூடத் திரும்பவில்லை. அழகா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அசிங்கம் இல்லை. சாந்தமாக, கொஞ்சம் தூங்கி வழிவதுபோல இருக்கிறது. கிறிஸ்டினாவின் உதட்டில் இருந்த அந்த ஏதோ ஒன்று இங்கே இல்லை. கிறிஸ்டினாவுக்குக் கறுப்பு உடையும் வெற்றுச் சுவரும் போதுமாக இருந்தன. முகமே படத்தைத் தூக்கி நிறுத்தியது. ஆனுக்கு வந்தபோது ஹோல்பைன் தொப்பியின் ஒவ்வொரு முத்தையும் எண்ணி எண்ணி வரைந்திருக்கிறார். நான் அதை அவருடைய மௌனமான குறிப்பாகத்தான் வாசிக்கிறேன். பொய் சொல்லாமல், சொல்ல வேண்டாததையும் சொல்லாமல், துணியைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு வந்திருக்கிறார். பெண் வீட்டுக்குப் போய் வந்த பெரியவரிடம் 'பொண்ணு எப்படி?' என்று கேட்டால், 'நல்ல குடும்பம், காபி பிரமாதம்' என்பாரே, அப்படி.

1540 புத்தாண்டு தினத்தில் ஹென்றி பொறுமை தாங்காமல் மாறுவேடத்தில் ராச்செஸ்டருக்கே போய்விட்டார். ஆன் சன்னல் வழியாக வெளியே நடந்த காளைச் சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத பருத்த ஆள் ஒருவர் வந்து கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தால் எந்தப் பெண்தான் மகிழ்வாள்? ஆன் அவரைக் கண்டுகொள்ளாமல் சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லிக்கொண்டே ஹென்றி திரும்பினார். ஜனவரி 6 கல்யாணம், ஜூலை 9 ரத்து.

ஹென்றியின் புலம்பல்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில், ஆளைப் பற்றிச் சொன்னதற்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் மீண்டும் மீண்டும் வருகிறது. சொன்னதற்கும், வரைந்ததற்கு அல்ல. வெள்ளி நிலவைப் பொன் சூரியன் மிஞ்சுவதுபோல் மிஞ்சுகிறார் என்றெல்லாம் ஆனைப் பற்றி யாரோ சொன்னதைக் கிராம்வெல் அரசருக்கு அப்படியே எழுதியிருந்தார். பிரெஞ்சுத் தூதர் மரிலாக் ஆனைப் பார்த்து எழுதியது: உயரம், நடுத்தர அழகு, உறுதியான முகம். லூவ்ர் படத்தோடு இதை வைத்துப் பாருங்கள், பெரிதாக முரண்படாது. கிராம்வெல்லின் தலை ஜூலை 28இல் உருண்டது. அதே நாள் ஹென்றி ஐந்தாவது கல்யாணம் செய்துகொண்டார். ஹோல்பைனை யாரும் தொடவில்லை. ஆளை ஏமாற்றிய ஓவியரை ஹென்றி விட்டுவைத்திருப்பாரா?

ஆன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ரத்துக்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாமல் சம்மதித்தார். ரிச்மண்ட் அரண்மனை, ஹீவர் கோட்டை, அரசரின் 'அன்புச் சகோதரி' என்ற பட்டம், எல்லாம் கிடைத்தன. 1557வரை வாழ்ந்தார். ஹென்றியும் மற்ற ஐந்து மனைவிகளும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். அந்தத் தூங்கி வழியும் முகத்தில் கெட்டிக்காரத்தனம் இருந்திருக்கிறது. கிறிஸ்டினாவும் ஹென்றிக்கு வாழ்க்கைப்படாமல் தப்பித்தாள். ஆனால் அவள் படத்தை ஹென்றி கடைசிவரை வைத்திருந்தார். 1909இல் அது விற்பனைக்கு வந்தபோது விலை 72,000 பவுண்டு. வெளிநாட்டுக்குப் போய்விடும் என்ற நிலையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண்மணி 40,000 பவுண்டு கொடுத்தார். அதனால்தான் நான் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் அது இருந்தது.

எல்ஸ்பெத்துக்கு வருகிறேன். 1538 செப்டம்பரில், பிரான்ஸில் பெண் பார்த்து முடித்த கையோடு, ஹோல்பைன் பாசலுக்கு ஒரு நடை போனார். பட்டும் வெல்வெட்டும் போட்டுக்கொண்டு வந்து இறங்கிய அவரைப் பார்த்து ஊர் வாயைப் பிளந்தது. திரும்பி வந்துவிட்டால் வருடம் 50 கில்டர் தருகிறோம், வருவதற்கு இரண்டு வருட அவகாசம், அதுவரை உங்கள் மனைவிக்கு வருடம் 40 கில்டர் என்று நகரசபை எழுதிக் கொடுத்தது. மகன் பிலிப்பைப் பாரிஸில் ஒரு பொற்கொல்லரிடம் தொழில் பழக விட்டுவிட்டு லண்டன் போனவர், பிறகு திரும்பவே இல்லை.

1543 அக்டோபர் 7இல் அவசர அவசரமாக ஓர் உயில். அந்த வருடம் லண்டனில் கொள்ளைநோய். என் சாமான்களையும் என் குதிரையையும் விற்றுக் கடனை அடையுங்கள் என்கிறார். கிரீனிச்சில் அரசரின் பணியாளர் ஆண்டனி என்பவருக்கு 10 பவுண்டு 13 ஷில்லிங் 7 பென்ஸ், பொற்கொல்லர் ஆண்ட்வெர்ப் ஜானுக்கு 6 பவுண்டு. தாதியிடம் வளரும் என் இரண்டு குழந்தைகளுக்கு மாதம் 7 ஷில்லிங் 6 பென்ஸ். இந்தக் குழந்தைகள் லண்டனில் பிறந்தவர்கள். அவர்களின் தாயின் பெயர் உயிலில் இல்லை. எல்ஸ்பெத்தின் பெயரும் இல்லை. நவம்பர் இறுதிக்குள் அவர் இறந்துவிட்டார், வயது 45 சுமார். இந்த உயில் கிடைத்ததே 1861இல்தான். அதுவரை அவர் 1554இல் இறந்ததாக உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அடுத்த நூற்றாண்டில் அவருடைய படங்களைத் தேடித் தேடிச் சேர்த்த அரண்டல் பிரபு, கல்லறைக்கு நினைவுச்சின்னம் வைக்கலாம் என்று லண்டனில் தேடிப் பார்த்தார். எந்தத் தேவாலயத்தில் புதைத்தார்கள் என்று சொல்ல யாரும் இல்லை.

இத்தனை பேரை உற்றுப் பார்த்தவரின் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. ஃபுளோரன்ஸில் அவர் தன்னையே வரைந்த படம் ஒன்று இருக்கிறது. பின்னால் வந்த கைகள் அதன்மேல் நிறையத் தீட்டிவிட்டன. நான் நம்புவது பெர்லினில் இருக்கும் ஒரு சின்னத் தாளை. 1511இல் அப்பா ஹோல்பைன் தன் இரண்டு மகன்களையும் வெள்ளிக் கம்பி முனையால் வரைந்தது. அண்ணனுக்குச் சுருட்டை முடி. தம்பிக்குக் கட்டையாக வெட்டிய நேர்முடி, உருண்டை முகம், உம்மென்று இருக்கிறான். அப்பா எதையும் மெருகேற்றவில்லை. அவன் தலைக்கு மேல் தன் கையெழுத்தில் 'ஹான்ஸ்' என்று எழுதி, கூடவே வயதையும் குறித்திருக்கிறார்: 14.